கேஸ் ஷீட்டில் எழுதாத நோய்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகிற சாலை சிப்காட் ஆலைகளை ஒட்டித் தெற்கே இறங்கி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகப் போகிறது. லாரி, கம்பெனி வேன், மீன் ஏற்றிய டாட்டா ஏஸ், நடுவில் ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகும் பைக்குகள். இந்தச் சாலையில் ஒரு சாயங்காலம் பைக்கிலிருந்து விழுந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது முப்பத்தைந்து. வெளியே பெரிதாக ரத்தம் இல்லை. 108 வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரைத் திறக்கிறார்.

“எத்தன மணிக்குப்பா விழுந்தாரு?”

“ஏழு, ஏழரை இருக்கும் சார்.”

“மயக்கமானாரா?”

“மொதல்ல பேச்சு மூச்சு இல்ல சார். அப்புறம் எழுந்து உக்காந்து தண்ணி கேட்டாரு. நல்லாத்தான் பேசுனாரு. வண்டியில ஏத்துனப்புறம்தான் தூங்கிட்டாரு.”

டாக்டரின் பேனா ஓடுகிறது. சாலை விபத்து எனக் கூறப்படுகிறது, எல்.ஓ.சி. (நினைவிழப்பு) பிளஸ், வாமிட்டிங் பிளஸ், ஈ.என்.டி. பிளீட் நில். அங்க அடையாளம் இரண்டு: இடது முழங்கையில் ஒரு மச்சம், வலது கன்னத்தில் ஒரு தழும்பு. அழைத்து வந்தவர் பெயர். மது வாடை உண்டா, இல்லையா. நாலைந்து வரியில் முடிந்தது. போலீசுக்கும் கோர்ட்டுக்கும் பிறகு ‘ஏ.ஆர். காப்பி’ என்று போகப்போவது இந்த வரிகள்தான்.

தண்ணீர் கேட்டது அந்த வரிகளில் இல்லை. மயங்கி விழுந்து, தெளிந்து, பேசி, மறுபடி மயக்கத்துக்குள் போவது காதுக்கு மேலே ஓடும் ஒரு தமனி கிழிந்து மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் கட்டுவதன் பாடப்புத்தக அடையாளம். இடையில் வரும் அந்தத் தெளிவு சில நிமிடமாக இருக்கலாம், சில மணி நேரமாகவும் இருக்கலாம். நேரில் பார்த்தவர் அதைச் சொல்லிவிட்டார். கேட்டவரும் மனதில் குறித்துக்கொண்டிருப்பார். எழுதுவதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

ஒரு நோய் உடம்புக்குள் நடப்பது ஒன்று, அது காகிதத்தில் ஏறுவது வேறொன்று. இந்த இரண்டுக்கும் இடைவெளி மூளை நசுங்கும்போது இருக்கிற அளவுக்கு வேறு எங்கும் அகலமாக இருக்காது. காரணத்தைப் பார்க்க மண்டைக்குள் போக வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் மண்டை ஓட்டுக்குள் மூளைத் திசு சுமார் 1,400 மில்லி லிட்டர், ரத்தம் 150, மூளைத் தண்டுவட நீர் 150. ஓடு எலும்பு, விரியாது. உள்ளே புதிதாக ஏதாவது சேர்ந்தால் இருக்கிற ஏதாவது வெளியேறித்தான் ஆக வேண்டும். பண்டிகைக்கு முந்தின நாள் சிதம்பரம் பஸ்ஸில் ஒருவர் புதிதாக ஏறினால் படியில் நிற்பவர் இறங்க வேண்டியிருக்கும் அல்லவா, அதே கணக்கு. எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோ 1783-ல் இதைச் சொன்னார். அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824-ல் ஆதாரம் வைத்தார். 1821 நவம்பரில் அடித்த புயலுக்கு மறுநாள் காலை லீத் துறைமுகத்தருகே திறந்தவெளியில் இறந்து கிடந்த இரண்டு பேரைப் பரிசோதித்ததில் தொடங்கியது கெல்லியின் ஆய்வு. இருவர் பெயரையும் சேர்த்து இன்றும் மன்றோ-கெல்லி விதி என்கிறார்கள்.

முதலில் வெளியேறுவது தண்டுவட நீர். அடுத்து சிரை ரத்தம். அதுவரை ஆள் நன்றாகத்தான் இருப்பார், தண்ணீர்கூடக் கேட்பார். இடம் தீர்ந்ததும் அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. சாதாரணமாகப் பாதரச அளவில் 15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது 20-ஐத் தாண்டினால் சிகிச்சை தேவை. அதற்கும் மேலே போனால் நகர வேண்டியது மூளையே. பக்கவாட்டு மடலின் உள் விளிம்பு டென்டோரியம் என்ற உறையின் ஓரத்தில் வழிந்து, அங்கே ஓடும் மூன்றாவது நரம்பை நெரிக்கிறது. அதே பக்கத்துக் கண்ணின் பாப்பா விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல் நிற்கிறது. இன்னும் இறங்கினால் மூளைத் தண்டு மண்டையின் அடித்துளையில் அமுங்குகிறது. ரத்த அழுத்தம் ஏறும், நாடி குறையும், மூச்சு தாறுமாறாகும். இந்த மூன்றையும் ஹார்வி குஷிங் 1901 வாக்கில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் செய்த சோதனைகளில் தெளிவாக எழுதிவைத்தார். நாடி குறைவதைப் பார்த்து, ஆள் அமைதியாகிவிட்டார் என்று உறவினர்கள் நிம்மதியடைவதும் உண்டு.

எக்ஸ்ரே தவிர வேறெதுவும் மண்டைக்குள் இருப்பதைச் சுலபமாகக் காட்டாத காலத்தில் இந்த வட்டாரத்திலிருந்து ஒருவர் இதே துறைக்குப் போனார். சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்தைத் தாண்டினால் வருகிற சீர்காழியில் 1922-ல் பிறந்த பி.ராமமூர்த்தி. 1950-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். அதற்கு ஓராண்டு முன்பு, 1949-ல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் திறந்திருந்தார். அன்றைக்கு மூளை நசுங்குகிறதா என்று அறிய நர்ஸ் மணிக்கொரு தரம் எழுதிய அட்டைதான் கருவி: நாடி, மூச்சு, பாப்பாவின் அளவு, கூப்பிட்டால் திரும்புகிறாரா. அட்டையில் ஒரு மணி நேரம் விட்டுப்போனால் மண்டையைத் துளைக்கும் முடிவும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். எழுத்தே பரிசோதனையாக இருந்தது.

பிறகு அந்த எழுத்துக்கு எண் வந்தது. 1974-ல் கிளாஸ்கோவின் டீஸ்டேலும் ஜெனட்டும் வைத்த அளவுகோலில் இன்று கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். குறைந்தபட்சம் 3, சுழியம் கிடையாது, இறந்தவருக்கும் 3. எட்டோ அதற்குக் கீழோ என்றால் கோமா. ‘அரை மயக்கம்’, ‘மந்தம்’ என்று டாக்டருக்கு டாக்டர் மாறிய வர்ணனை போய், கடலூரில் 13 இருந்தவர் புதுச்சேரிக்குப் போய்ச் சேரும்போது 9 ஆகிவிட்டார் என்று போனிலேயே சொல்ல முடிந்தது. லண்டனில் 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன் இன்னொரு எண்ணைத் தந்தது. மூளையின் நடுக்கோடு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது? 5-க்கு மேல் என்றால் மனுஷன் ஆபத்தில் இருக்கிறார்.

நம் பைக்காரருக்கு ஸ்கேன் ஆகிறது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய தலைக்காயம் என்றால் இரண்டு திசை. வடக்கே புதுச்சேரியில் ஜிப்மர். தெற்கே, 2021-ல் அரசு மருத்துவத் துறையின் கீழ் வந்த சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. “ஜிப்மருக்கு எழுதிட்டாங்க” என்று ஊரில் யாராவது சொன்னால் கேட்பவர் மேற்கொண்டு எதுவும் விசாரிப்பதில்லை. ஸ்கேன் படம் ஆம்புலன்சுக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. ரேடியாலஜி அறிக்கை சொல்கிறது: வலது பக்கம் எக்ஸ்ட்ராடியூரல் ரத்தக்கட்டு, நடுக்கோடு 8 மில்லிமீட்டர் நகர்வு. அழுத்தத்தைக் குறைக்கும் மேனிட்டால் ஏறுகிறது. தியேட்டர் தயாராகிறது. மண்டை திறக்கப்படுகிறது, கட்டு எடுக்கப்படுகிறது. ஆள் பிழைக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன இருக்கும்? ‘ஆர்.டி.ஏ., வலது எக்ஸ்ட்ராடியூரல் ரத்தக்கட்டு, கிரேனியாட்டமி செய்து அகற்றப்பட்டது.’ சரியான சம்மரிதான். ஆனால் அவரைச் சாவுவரை கொண்டுபோனது மூளை நசுங்கியது. அந்தச் சொல் எங்கும் இல்லை. எழுத வேண்டும் என்று அறுவை நிபுணருக்குத் தோன்றாது. 8 மில்லிமீட்டர் நகர்வைப் பார்க்கிற எவருக்கும் அது சொல்லாமலே விளங்கும்.

அமெரிக்காவில் சொல்லாமல் விளங்குவதற்குப் பணம் வராது.

இந்த இடத்தில் கடலூர் மாவட்டத்து இளைஞர்கள் கதைக்குள் வருகிறார்கள். பி.பார்ம், பிசியோதெரபி, நர்சிங், மைக்ரோபயாலஜி படித்துவிட்டுச் சென்னைக்கு ரயிலேறி, மூன்று மாதப் பயிற்சி முடித்து ‘கோடிங் வேலை’க்குப் போனவர்கள் சிதம்பரம் பக்கத்துத் தெருக்களில் இல்லாமல் இல்லை. ஓஹையோவிலோ டெக்சாசிலோ ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தெழுந்த கதையைத் திரையில் படித்து, அதை நோய்க் குறியீடுகளாக மாற்றுவது வேலை. அவர்கள் பேச்சில் அந்த நோயாளியின் பெயர் ‘சார்ட்’. ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்பது ப்ரொடக்‌ஷன். 95 சதவீதத் துல்லியம் கேட்பது துறை வழக்கம். அதற்குக் கீழே போனால் ஆடிட்டில் எரர் விழும். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா பழைய ஐ.சி.டி.-9 நோய்ப் பட்டியலை விட்டுப் பத்தாம் பட்டியலின் தன் சொந்தப் பதிப்புக்கு மாறியபோது, சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் எழுபதாயிரத்தை நெருங்கின. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஆள் எடுப்பது சூடுபிடித்ததில் அந்த எண்ணுக்குப் பங்குண்டு.

அந்தப் பட்டியலில் ஜி93.5 என்பது மூளை அழுத்தம். விபத்தில்லாமல், ரத்த அழுத்தத்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்தோ கட்டி வளர்ந்தோ மூளை நசுங்கினால் இந்தக் குறியீடு. அமெரிக்காவின் முதியோர் காப்பீடான மெடிகேர், 1983 முதல், ஆஸ்பத்திரிக்கு ஆன செலவைத் தனித்தனியாகத் தருவதில்லை. நோயாளியை ஒரு தொகுப்பில் சேர்த்து அந்தத் தொகுப்புக்கு ஒரே தொகை தருகிறது. மூளை ரத்தக்கசிவுக்கு 64, 65, 66 என மூன்று தொகுப்புகள். பெரிய சிக்கல் ஒன்றாவது கூட இருந்தால் 64. நடுத்தரச் சிக்கல் என்றால் 65. எதுவும் இல்லாவிட்டால் 66. ஜி93.5 பெரிய சிக்கல்களின் வரிசையில் இருக்கிறது. அது ஒன்று ஏறினால் 65-லிருந்து 64-க்குத் தாவலாம். தொகை ஏறக்குறைய இரு மடங்கு.

அதனால்தான் விதி கறாரானது. ஸ்கேன் அறிக்கையில் ‘நடுக்கோடு நகர்வு’ இருந்தால் மட்டும் போதாது. ரேடியாலஜிஸ்ட் படத்தைப் பார்த்தவர். நோயாளியைப் பொறுப்பேற்று வைத்தியம் செய்த மருத்துவர் ‘மூளை அழுத்தம்’ அல்லது ‘ஹெர்னியேஷன்’ (மூளை இடம் விட்டு வழிவது) என்று தன் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். மேனிட்டால் போயிருக்கிறது, மண்டையைத் திறந்திருக்கிறார்கள், நரம்பு ஐ.சி.யூ.வில் ஆறு நாள் இருந்திருக்கிறார். எல்லாம் கண்முன் இருந்தும் கோடர் அந்தக் குறியீட்டைத் தொடக் கூடாது. உயிரியல் படித்த பிள்ளைக்கு இது என்ன என்று தெரியும். தெரிந்ததை எழுத உரிமை இல்லை. விதிக்கு ஒரு விநோதமான விலக்கும் உண்டு. கிளாஸ்கோ மதிப்பெண் போன்ற சிலவற்றை நர்ஸ் எழுதியதிலிருந்தோ ஆம்புலன்ஸ் ஊழியர் எழுதியதிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம்.

சொல் இல்லையென்றால் மருத்துவருக்குக் கேள்வி போகும். தொழிலில் அதற்குப் பெயர் ‘கொரி’. ‘இது மூளை அழுத்தம்தானே, எழுதிவிடுங்கள்’ என்று கேட்க முடியாது. ‘இந்தத் தேதியின் ஸ்கேனில் 8 மில்லிமீட்டர் நகர்வு காணப்படுகிறது, மேனிட்டால் தரப்பட்டது, இதற்குரிய நோய் நிலை ஏதேனும் உண்டா’ என்று கேட்டு, சில விடைகளை வரிசையாகத் தந்து, ‘வேறு’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்ற இரண்டையும் சேர்க்க வேண்டும். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. கோர்ட்டில் சாட்சியை விசாரிக்கும்போது பதிலை வாயில் ஊட்டக் கூடாது என்பார்களே, அந்தக் கண்டிப்பு இங்கேயும் உண்டு.

எதிர்த்திசையிலும் இழுபறி நடக்கிறது. குறியீடு பணமாவதால் அதை எழுதும் ஆசையும் வளரும். 2 மில்லிமீட்டர் நகர்வுக்கெல்லாம் ‘மூளை அழுத்தம்’ என்று எழுதினால் காப்பீட்டாளரின் தணிக்கையாளர் சார்ட்டைத் திருப்பி வாசிக்கிறார்: நினைவு மாறியதா, பாப்பா மாறியதா, மணிக்கொரு தரம் கண்காணித்தீர்களா, என்ன மருந்து கொடுத்தீர்கள்? விடை இல்லையென்றால் பணம் இல்லை. வேண்டுமென்றே ஏற்றி எழுதியது தெரிந்தால் மோசடி வழக்கு.

இந்தப் பட்டியலை அறிவின் ஒழுங்கு என்று நம்புபவர்கள் ஜி93.5-ன் உள்ளே எட்டிப் பார்க்கலாம். 1891-ல் பிராகில் ஹன்ஸ் கியாரி என்ற நோயியல் மருத்துவர் விவரித்த பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. சிறுமூளையின் நுனி கழுத்துப் பக்கம் சற்று இறங்கியிருக்கும். பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தலைவலிக்கு மேல் அது எதுவும் செய்வதில்லை, சிலருக்கு அதுவும் இல்லை. அதன் முதல் வகையும் இதே ஜி93.5-க்குள்தான் கிடக்கிறது. இருமினால் பின்னந்தலை வலிக்கிறது என்று வந்தவரும், மூளைத் தண்டு அமுங்கி வென்டிலேட்டரில் இருப்பவரும் ஒரே எண்.

விபத்துக்குத் தனி எண் வேண்டும் என்று வெகுகாலம் கழித்துத்தான் விழித்துக்கொண்டார்கள். 2021 அக்டோபர் 1 முதல் அமெரிக்கப் பதிப்பில் எஸ்06.ஏ என்ற கிளை வந்தது: ஹெர்னியேஷன் இல்லாத அழுத்தம் ஏ0, இருக்கும் அழுத்தம் ஏ1. அதை முதலில் போடக் கூடாது. ரத்தக்கட்டு எந்த அடுக்கில் என்பது முன்னால் வர வேண்டும். அந்த முதல் எண்ணின் ஆறாவது இடத்தில் கேட்கப்படுவது சுவாரசியமானது. நினைவிழப்பு எவ்வளவு நேரம்? இல்லவே இல்லையா, 30 நிமிடத்துக்குள்ளா, 31-லிருந்து 59 நிமிடமா, ஆறு மணி நேரத்துக்குள்ளா, ஒரு நாளா, அதற்கு மேலா? முதுநகர்ப் பைக்காரரை ஏற்றிவந்தவர் சொன்ன ‘மொதல்ல பேச்சு மூச்சு இல்ல, அப்புறம் தண்ணி கேட்டாரு’ இந்தக் கட்டத்துக்கு உரிய தகவல். அவர் ஓஹையோவில் விழுந்திருந்தால், அது எங்கே எழுதியிருக்கிறது என்று சென்னையில் ஒரு சிதம்பரத்துப் பெண் சார்ட்டில் தேடிக்கொண்டிருப்பார்.

இங்கே யாரும் தேடுவதில்லை. சோம்பல் என்று சொன்னால் அநியாயம். நம் காகிதங்களுக்குக் கேட்கும் ஆட்கள் வேறு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் அடிபட்டவர் எந்த ஊராராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. தொடக்கத்தில் 81 சிகிச்சை முறைகள், ஒரு லட்சம் ரூபாய் உச்சவரம்பு. முதல்வரின் காப்பீட்டுத் திட்டமும் அப்படித்தான், என்ன செய்தீர்கள் என்று கேட்கும். மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தது ஒரு தொகுப்பு, அதற்கொரு தொகை; ஸ்கேன் படம் இருந்தால் போதும். மூளை நசுங்கியதா, எவ்வளவு என்பது தொகையை மாற்றாது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கேட்பதோ வேறு: விபத்து நடந்த நேரம், அடிபட்டவர்தான் இவர் என்பது, நிலையான ஊனம் எத்தனை சதவீதம். அதற்கு ஏ.ஆர். காப்பியும் ஊனச் சான்றிதழும் போதும். மச்சமும் தழும்பும் அங்கேதான் பயன்படுகின்றன.

நம்முடைய முறைதான் மனிதாபிமானமானது என்று வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு. சொல் எழுதாததால் இங்கே எந்த ஆஸ்பத்திரிக்கும் நஷ்டமில்லை, நோயாளிக்குப் பில்லும் இல்லை. விலை வேறு இடத்தில் கட்டப்படுகிறது. கடலூர் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் எத்தனை பேருக்கு மூளை நசுங்கும் அளவுக்கு அடிபட்டது, அவர்களில் எத்தனை பேர் பாப்பா விரிவதற்குள் அறுவை மேசைக்குப் போனார்கள் என்று கேஸ் ஷீட்டுகளிலிருந்து கூட்டி எடுக்க வழியில்லாமல் போகிறது. ஒரு நரம்பு அறுவை நிபுணரை எந்த ஊரில் நியமிப்பது என்ற கேள்விக்கு அந்தக் கூட்டல்தான் விடை.

நம்மிடம் எண்ணிக்கை இல்லாமலில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 17,884. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் நாடு முழுக்க 50,029. இவ்வளவு நுணுக்கமான எண்கள் காவல் நிலையங்களிலிருந்து திரட்டப்பட்டவை. ஹெல்மெட் இருந்ததா என்பதைப் போலீஸ்காரர் பார்த்து எழுதினார். மண்டைக்குள் என்ன நடந்தது என்பது அவர் எழுத வேண்டியதல்ல.

இறப்புச் சான்றுக்கு வருவோம். காரணப் பட்டியல் என்ற ஏற்பாடே சாவைக் கணக்கெடுக்கப் பிறந்தது. 1893-ல் சிகாகோவில் பாரிஸ் நகரப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் முன்வைத்த பட்டியல்தான் வளர்ந்து இன்றைய ஐ.சி.டி. ஆனது. இந்தியாவில் 1969-ன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஆஸ்பத்திரிச் சாவுக்குப் படிவம் 4. முதல் பகுதியில் அடுத்தடுத்து மூன்று வரிகள்: நேரடிக் காரணம், அதற்கு முந்தியது, எல்லாவற்றுக்கும் வேர். பக்கத்தில், ஒவ்வொன்றும் தொடங்கிச் சாவுவரை எவ்வளவு காலம். சாகும் விதத்தை எழுதாதே, சாகடித்த நோயை எழுது என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. அதற்கு நேரே ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்று எழுதுவதுதான் நாடெங்கும் பரவிய பழக்கம். இதயமும் மூச்சும் நின்றதால் இறந்தார்! சங்கிலி ஒழுங்காக எழுதப்பட்டால் இப்படி இருக்கும்: மூளை அழுத்தம், 6 மணி நேரம், அதற்குக் காரணம் மூளைக்குள் ரத்தக்கசிவு, 1 நாள், அதற்குக் காரணம் உயர் ரத்த அழுத்தம், 10 ஆண்டு.

இப்படிப் பழுதில்லாமல் எழுதினாலும் மூளை அழுத்தம் கணக்கில் காணாமல் போகும். ஐ.சி.டி. விதிப்படி புள்ளிவிவரத்துக்குப் போவது வேர்க் காரணம் ஒன்றுதான். ரத்த அழுத்தத்தோடு மூளைக் கசிவும் எழுதியிருந்தால் கசிவை எடு என்கிறது விதி. ஐ61 என்ற எண் போகும். விபத்துச் சாவில் காயமே தோற்றுப்போகும். பைக் எதன் மேல் மோதியது என்பதைச் சொல்லும் வி வரிசை எண்தான் வேர். விதி புத்திசாலித்தனமானது: சாலையைச் சரிசெய்தால் சாவு குறையும், உப்பைக் குறைத்தால் கசிவு குறையும், நசுங்குவதை அதன் வாசலில் நின்று தடுக்க முடியாது. ஒரே நிகழ்வு, சிகாகோவில் பிறந்த பட்டியலில் மறைய வேண்டியது, மெடிகேர் தொகுப்பில் தலைமேல் நிற்க வேண்டியது. தவிர, இந்தியாவில் 2020-ல் பதிவான சாவுகளில் சுமார் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவரின் காரணச் சான்றே இருந்தது. மற்றவற்றில் விதிக்கு வேலையே வரவில்லை.

எழுத்து ஒரே இடத்தில் நம் ஊரிலும் நிமிடக் கணக்காகிறது. மூளைத் தண்டு முழுதாக அமுங்கி இனித் திரும்பாது என்ற நிலை, மூளைச்சாவு. 1994-ன் உறுப்பு மாற்றுச் சட்டம் அதைச் சாவாக ஏற்றது. 2008-ல் தமிழக அரசு அதை அறிவிக்கும் நடைமுறை பற்றி ஆணைகள் பிறப்பித்தது. அந்த செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த பதினைந்து வயது ஹிதேந்திரன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைய, டாக்டர்களான பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு இதயம் போக, போலீஸ் சாலையைத் திறந்துவிட்டதை மாநிலமே பேசியது. அதற்கு முன்னால் நடக்க வேண்டிய காகித வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான்கு மருத்துவர்கள்; ஆஸ்பத்திரிப் பொறுப்பாளர், சிகிச்சை தருபவர், பட்டியலில் உள்ள இருவர். பாப்பாவில் வெளிச்சம், விழியில் பஞ்சு, காதில் குளிர்ந்த நீர், தொண்டையில் குழாய், கடைசியில் வென்டிலேட்டரை விலக்கி மூச்சு வருகிறதா என்ற சோதனை. ஒவ்வொன்றுக்கும் நேராக விடை. குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் திரும்பச் செய்து, படிவம் 10-ல் நால்வரும் கையெழுத்து. 2023 செப்டம்பரில் உறுப்பு தந்தவர்களுக்கு அரசு மரியாதை என்று அறிவிக்கப்பட்டபின், அந்தப் படிவத்தைத் தொடர்ந்து கலெக்டரோ அமைச்சரோ மாலையோடு ஊருக்கு வருகிறார்.

அமெரிக்கப் பட்டியலில் மூளைச்சாவுக்கும் ஓர் எண் உண்டு, ஜி93.82. அதைப் போட இவ்வளவு கையெழுத்து தேவையில்லை. மருத்துவர் ஒருவர் எழுதியிருந்தால் போதும்.

பதிவேட்டுக் கலையைச் சொல்லிக்கொடுக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மத்திய சுகாதாரப் புலனாய்வு நிறுவனம் மருத்துவ ஆவணப் பயிற்சிக்கு வைத்திருக்கும் இரண்டு மையங்களில் ஒன்று டெல்லி சப்தர்ஜங்கில். மற்றது கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஜிப்மரில். அங்கே படித்த ஆவண அலுவலர்கள் கேஸ் ஷீட்டைப் புரட்டி ஐ.சி.டி. எண் போடத் தெரிந்தவர்கள். ஆனால் டாக்டர் எழுதாததை அவர்களும் போட முடியாது, சென்னைக் கோடர்களைப் போலவே.

பைக்காரர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கையில் பிளாஸ்டிக் கவர், உள்ளே சம்மரியும் ஸ்கேன் படமும். ஆறு மாதத்தில் வலிப்பு வந்தால் அடுத்த டாக்டர் அதைத்தான் வாங்கிப் பார்ப்பார். ரத்தக்கட்டு எடுத்தது தெரியும், எட்டு மில்லிமீட்டர் நகர்ந்தது ரேடியாலஜி அறிக்கையிலும், ஒரு பாப்பா விரிந்தது முழு கேஸ் ஷீட்டில் நர்ஸின் கையெழுத்திலும் இருக்கும். 2002-ன் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். கேட்கும்போது சம்மரியோடு நிற்காமல் நர்ஸ் சார்ட்டையும் கிளாஸ்கோ மதிப்பெண் தாளையும் சேர்த்துக் கேட்பது நல்லது. ஆறேழு பக்கம்தான் கூடுதலாக இருக்கும்.